அவிட்டம் பிறப்பதற்குள்

"நிறுத்துங்க மேஸ்திரி, நிறுத்துங்க!" என்று கையை ஆட்டிக்கொண்டே கனிமொழி பின்பக்கம் ஓடினாள். சமையலறைச் சுவரில் இறங்கவிருந்த கடப்பாரையைக் குமரவேல் அப்படியே பிடித்துக்கொண்டார்.

"மாமாவுக்கு மூச்சு மாறிடுச்சு. சுவரு அதிர்றப்ப எல்லாம் அவருக்குத் தூக்கிப் போடுது."

குமரவேல் கடப்பாரையைச் சத்தமில்லாமல் சாய்த்து வைத்தார். தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"எத்தினி நாளைக்கும்மா நிறுத்தறது?" என்று கேட்டார். கேட்ட பிறகுதான் கேட்டது என்ன என்று அவருக்கே உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டார்.

வேலைக்கு நாள் குறித்தவள் கனிமொழிதான். மேஸ்திரி ஒரு மாதம் என்றால் அது இரண்டு மாதம் என்று அவளுக்குத் தெரியும். மழைக்கு நாள் விட்டாள், மணல் வண்டி வராத நாளுக்கு விட்டாள், குமரவேல் இன்னொரு வீட்டு வேலைக்கு நழுவிப் போகிற நாளுக்கும் விட்டாள். முதலில் பின்கட்டை இடித்துத் தளம் போடுவது, அதுவரை எல்லாரும் முன்னறையில் இருப்பது, தளம் காய்ந்ததும் பின்னால் போய்விட்டு முன்னறைக் கூரையைப் பிரிப்பது. கேட்டுவிட்டு மாமனார் சுந்தரமூர்த்தி விழுந்து விழுந்து சிரித்தார். "மேஸ்திரியோட மாமியார் செத்தா லீவு போடுவான்னு அதுக்குக்கூட நாள் விட்டிருக்கா பாரு இவ!" என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். சொந்த வீட்டுச் சாவுக்கு அவள் நாள் விடவில்லை. அது யாருக்குத்தான் தோன்றும்?

பின்கட்டின் ஓட்டைப் பிரித்த மறுவாரம் அவர் குளியலறையில் விழுந்தார். இடது பக்கம் முழுக்கப் போய்விட்டது, பேச்சும் போய்விட்டது. ஆஸ்பத்திரியில், வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள் என்றார்கள். வீடு என்று மிச்சமிருந்தது அந்த ஒரு முன்னறை. கனிமொழியின் மகள்கள் இரண்டு பேரையும் கே.ஜி.கண்டிகையில் அவள் அம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டு அவரை அங்கே கிடத்தினார்கள்.

கனிமொழி உள்ளே வந்தபோது மாமியார் அம்சா போனை நீட்டியபடி நின்றிருந்தாள். "பஞ்சாட்சரம் ஜோசியர் பேசறாரு. ஸ்பீக்கர்ல போடு வெங்கடேசா, எனக்குக் காது சரியா கேக்கல."

கனிமொழியின் கணவன் வெங்கடேசன் போட்டான். ஜோசியர் குரல் அறை முழுக்கக் கேட்டது.

"சாயங்காலம் வரைக்கும் திருவோணம் இருக்குதும்மா. அதுல போனா மகராசன். பொழுது சாஞ்சா அவிட்டம் பொறந்துடும். அப்புறம் வரிசையா அஞ்சு நாளும் அடைப்புதான். உசுரு போன ரூம்ப ஆறு மாசம் பூட்டி வெக்கணும். உள்ள யாரும் கால் வெக்கக் கூடாது."

"எங்களுக்கு இருக்கறதே அந்த ஒரு ரூம்புதாங்க" என்றான் வெங்கடேசன்.

"நான் இன்னா பண்றது நைனா? நட்சத்திரம் வீடு பாத்தா வருது?" கொஞ்ச நேரம் இருமினார். "கூரைக்குக் கீழ உசுரு பிரிஞ்சாதான் அடைப்பு. ஆஸ்பத்திரியில போனா வீட்டுக்கு இல்ல. அத மட்டும் சொல்லி வெக்கறேன்."

போனை வைத்த பிறகு சுந்தரமூர்த்தியின் மூச்சு மட்டும் இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தது. கண் பாதி திறந்திருந்தது. அவருக்குக் காது கேட்கிறதா என்று டாக்டர் சொல்லவில்லை, இவர்களும் கேட்கவில்லை.

"அம்மையார்குப்பத்துல எங்க பெரியப்பா வீட்டுல இதெல்லாம் பொய்யின்னு பூட்டாம விட்டாங்க" என்றாள் அம்சா, சுவரைப் பார்த்தபடி. "வருசம் திரும்பறதுக்குள்ள மூணு பேரு. கடைசியா போனது பச்சப்புள்ள."

கனிமொழிக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. காலேஜ் படித்தவள், நாலு பேர் எதிரில் அடித்துச் சொல்வாள். ஆனால் பச்சப்புள்ள என்றதும் சின்னவளின் முகம் வந்து நின்றது. போன மாதம்தான் அவளுக்குக் காய்ச்சல் வந்து பயமுறுத்தியிருந்தது. பூட்டினால் ஐப்பசி மழையில் மகள்களை எங்கே படுக்கவைப்பாள்? அடைப்பு விழுந்த வீட்டுக்காரர்களுக்கு எவன் வாடகைக்குக் கொடுப்பான்? பூட்டாவிட்டால் ஆறு மாதமும் ஒவ்வொரு தும்மலுக்கும் அவள் செத்துப் பிழைக்க வேண்டும்.

அதன்பின் அந்த வீட்டில் எல்லாரும் வெளிச்சத்தைப் பார்க்க ஆரம்பித்தார்கள். வெங்கடேசன் பீடி பிடிக்க வெளியே போவதுபோல் போய் மலையை அண்ணாந்து பார்த்துவிட்டு வந்தான். வெயில் மலைக்கோயில் கோபுரத்தில் இருந்தது. மறுபடி போனான். அம்சா கரண்டியில் பால் எடுத்து அவர் வாயில் விட்டாள். நாலு நாளாகக் கடைவாயில் வழிந்த பால் இன்று உள்ளே இறங்கியது. தொண்டை ஏறி இறங்குவதை மூன்று பேரும் பார்த்தார்கள்.

"நல்லா குடிக்கிறாரே" என்றான் வெங்கடேசன். அதில் சந்தோஷம் இல்லை. அது அவனுக்கே கேட்டிருக்க வேண்டும், எழுந்து பின்பக்கம் போய்விட்டான்.

கனிமொழி மாமனாரின் கால்மாட்டில் உட்கார்ந்து மூச்சைக் கவனித்தாள். ஒரு மூச்சுக்கும் அடுத்ததற்கும் நடுவில் நீண்ட இடைவெளி விழுந்தது. அப்போது அவள் மனசு, இதோடு நின்றால் தேவலை என்றது. மறுபடி மூச்சு வந்தது. தனக்குப் புடவை எடுக்க திருப்பதி பஸ்ஸில் நின்றுகொண்டே போய்வந்த மனுஷன், பெற்ற அப்பனைவிட ஒருபடி மேலாகப் பார்த்துக்கொண்டவர். அவர் சாவுக்கு நேரம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாளே! தன்னைப் பார்த்தே அவளுக்குப் பயமாக இருந்தது.

அரக்கோணம் போகிற மின்சார ரயில் கூவிக்கொண்டு போனது. நிழல் வாசலைத் தாண்டி உள்ளே வர ஆரம்பித்தது.

"வெளிய நல்லா காத்து வருது" என்றாள் கனிமொழி. குரல் தன்னுடையது போலவே இல்லை. "மாமாவக் கொஞ்சம் வெளிய படுக்க வெக்கலாமா?"

யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

"ஆங், காத்து வருது" என்றான் வெங்கடேசன். எதிர்வீட்டு வேப்பமரத்தில் ஓர் இலைகூட ஆடவில்லை.

"உள்ள புழுக்கமாத்தான் இருக்குது" என்றாள் அம்சா.

சிமெண்ட் மூட்டைக்கும் மணல் குவியலுக்கும் நடுவில், நீலத் தார்ப்பாயின் கீழே கயிற்றுக் கட்டிலைப் போட்டார்கள். குமரவேல் வந்து கை கொடுத்தார். தலைமாட்டில் அவர், கால்மாட்டில் வெங்கடேசன், படுக்கை விரிப்போடு சேர்த்துத் தூக்கினார்கள். இளைத்துப்போன உடம்பு, சிரமமில்லாமல் வந்தது. கனிமொழியும் அம்சாவும் பக்கவாட்டில் தாங்கிப் பிடித்தார்கள்.

வாசல் நிலையைத் தாண்டும்போது விரிப்பு சட்டென்று நின்றுவிட்டது. எதிலாவது மாட்டிக்கொண்டதோ என்று கனிமொழி பார்த்தாள். சுந்தரமூர்த்தியின் வலது கை நிலையைப் பிடித்திருந்தது.

"நைனா, கைய விடு நைனா" என்றான் வெங்கடேசன்.

விடவில்லை. காலையில்தான் நிலைக்கு ரோஸ் நிற பிரைமர் பெயிண்டு அடித்திருந்தார்கள், இன்னும் ஒட்டுகிற பதத்தில் இருந்தது. விரல்கள் அதில் அழுந்தியிருந்தன. கண் முழுசாகத் திறந்திருந்தது. மகனையோ மனைவியையோ பார்க்கவில்லை, கனிமொழியைப் பார்த்தார். அந்தக் கண்ணில் கோபம் இல்லை. இருட்டில் விடப்பட்ட குழந்தைக்கு வருகிற பயம்தான் இருந்தது.

"பெரியவரே, இங்கதான், வாசல்லதான்" என்றார் குமரவேல். "எம்மா, யாராச்சும் எடுத்து விடுங்கம்மா. என்னால பிடிக்க முடியல."

அம்சா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கனிமொழி ஒவ்வொரு விரலாகப் பிரித்தாள். அவருக்கு அவ்வளவு பலம் மிச்சமிருக்கும் என்று யாரும் நினைத்திருக்கவில்லை. சுண்டுவிரலைப் பிரித்ததும் கை துவண்டு விழுந்தது.

கட்டிலில் கிடத்தி, அம்சா இன்னொரு கரண்டி பால் விட்டாள். பால் அப்படியே கடைவாயில் வழிந்தது. "ஏங்க" என்றாள். பிறகு, "ஏங்க, ஏங்க" என்று உலுக்கினாள். கனிமொழி நிமிர்ந்து மலையைப் பார்த்தாள். கோபுரத்தின்மீது வெயில் இன்னும் மஞ்சளாக இருந்தது. அவிட்டம் பிறக்க நேரம் இருந்தது. உள்ளேயே விட்டிருந்தாலும் அவர் திருவோணத்தில்தான் போயிருப்பார்.

மறுநாள் காலை வந்தவர்களெல்லாம் அதையே சொன்னார்கள். "திருவோணத்துல போனாரு, புண்ணியவான். புள்ளைங்களுக்கு ஒரு தொந்தரவும் வெக்கல." அம்சா எல்லாருக்கும் தலையை ஆட்டினாள். குளிப்பாட்டும்போது ஒரு கிழவி அவர் விரல்களைத் தூக்கிப் பார்த்தாள்.

"இன்னாடி இது, ரோஸா இருக்குது?"

"பெயிண்டு" என்றாள் அம்சா. "கதவு வேலைய அவரே பாக்கணும் அவருக்கு."

கனிமொழி தேங்காய் எண்ணெய் போட்டுத் தேய்த்தாள். கொஞ்சம் வந்தது, நகக்கண்ணில் இருந்தது வரவில்லை. அப்படியே எடுத்துக்கொண்டு போனார்கள்.

எரித்துவிட்டு வந்து, சொந்தக்காரர்கள் கலைந்து போனபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. குமரவேல் மட்டும் துண்டைக் கையில் பிடித்தபடி நின்றார்.

"பதினாறு முடிஞ்சு ஆரம்பிச்சுக்கலாமா?"

"ஆங்" என்றாள் கனிமொழி.

"அந்த நிலைய உப்புத்தாள் போட்டுத் தேச்சி, இன்னொரு கோட்டு அடிச்சிட்டுப் போயிடட்டுமா? இப்பவே?"

அவள் நிலையில் பதிந்திருந்த விரல் தடங்களைப் பார்த்தாள். அவர் வண்டியை எடுத்துக்கொண்டு போனார்.

மலைக்கு மேலே கருத்துக்கொண்டு வந்தது. அம்சா தார்ப்பாயின் கீழே பாயை உதறி விரித்தாள்.

"மழ வர்றாப்ல இருக்குது, உள்ள படும்மா" என்றான் வெங்கடேசன்.

"நீ போய்ப் படுறா."

அவன் போகவில்லை. மணல் குவியலில் சாய்ந்து உட்கார்ந்தான். தலையணை எடுத்து வரலாம் என்று கனிமொழி வாசல்வரை போனாள். படியில் ஒரு காலை வைத்தாள். திரும்பி வந்து, காலி சிமெண்ட் சாக்கு இரண்டை உதறி மடித்துத் தலைக்கு வைத்துக்கொண்டாள்.

முதல் தூறல் தார்ப்பாயில் சடசடவென்று விழுந்தது. மூவரும் காலை உள்ளே இழுத்துக்கொண்டார்கள். திறந்து கிடந்த முன்னறையில், நேற்றிலிருந்து யாரும் நிறுத்தாத ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது.