சத்தம் போன பைக்

மோகனராஜின் பைக் கீழ்வளைவில் ஏறும்போதே மடுல்கெல்லத் தேயிலைத் தோட்டத்துக்கு ஆள் யாரென்று தெரிந்துவிடும். ரோட்டில் படுத்திருக்கிற நாய் எழும்பும். கடைக்குப் போய் வரும் பெண்கள் பேச்சை நிறுத்தாமலே மலைப்பக்கம் ஒதுங்குவார்கள். லயத்து வீட்டில் அவன் மனைவி சந்திரிகா தேத்தண்ணிக்குக் கேத்தலை அடுப்பில் வைப்பாள். தொட்டிலில் தூங்குகிற சிந்துஜா தூக்கிவாரிப்போட்டு அலறுவாள்.

பழைய சைலன்ஸர் துருப்பிடித்து உக்கிப்போனபோது அவன் மாட்டிய வெறும் குழாய் அது. சத்தத்தை அமுக்க உள்ளே ஒன்றும் கிடையாது. அவனுக்கு அதில் பெருமை வேறு. போன வருசம் ஹோன் செத்தது, அதையும் அவன் திருத்தவில்லை. "நான் வர்றது ஊருக்கே தெரியுது, ஹோன் எதுக்கு?" என்பான். மடையன். அதைக் கேட்டுச் சிரித்துக்கொண்டிருந்த ஊரையும் சேர்த்துத்தான் திட்ட வேண்டும்.

சத்தம் போடும் பைக்குகளைப் பிடிக்கச் சொல்லி உத்தரவு வந்திருந்த நேரம். கட்டுகஸ்தோட்டையில் ஒரு சார்ஜன்ட் அவனை மறித்தார்.

"மல்லி, இது பைக்கா, ஹெலிகொப்டரா?" சிங்களவர்தான், தம்பி என்பதற்கு மல்லி என்றார், தமிழ் தட்டுத்தடுமாறி வந்தது. "நாளைக்கு ஒரிஜினல் சைலன்ஸர் போட்டு ஸ்டேசனுக்குக் கொண்டு வந்து காட்டு. இல்லாட்டி பைக் நம்மகிட்டதான்."

மோகனராஜ் தலையாட்டிவிட்டு வந்தான். அவனுக்குக் கண்டியில் ஒரு ஹாட்வெயார் கடையில் வேலை. கடை பூட்டும் முன்பே தோட்டத்துக்கான கடைசி பஸ் போய்விடும். பைக் போனால் வேலையும் போச்சு.

வீட்டில் சொன்னபோது சந்திரிகா சிரித்தாள்.

"நல்லதாப் போச்சு. நான் சொன்னா காதுல ஏறல, பொலிஸ் சொன்னாத்தான் ஏறுது. புள்ள ஒரு நாளாச்சும் நிம்மதியாத் தூங்கட்டும்."

மறுநாள் அரை நாள் லீவு போட்டு, மடவளையில் கராஜ் வைத்திருக்கும் ஷப்ராஸிடம் போனான். ஷப்ராஸ் குழாயைக் கழற்றி எறிந்துவிட்டு ஒரிஜினல் சைலன்ஸரைப் பூட்டினார். பிறகு ஹோனை அமுக்கிப் பார்த்தார்.

"தம்பி, ஹோனும் வேல செய்யல்லயே. வயர் அறுந்து ஈக்குது. அதையும் பாக்கவா?"

"அது கெடக்கட்டும் நானா. மழ வருது, ஸ்டேசனுக்கு வேற போகணும். பொறகு பாத்துக்கலாம்."

அந்தப் பிறகுதான் வரவேயில்லை.

ஸ்டேசனில் சார்ஜன்ட் பைக்கை ஸ்டார்ட் பண்ணச் சொல்லிக் காதைக் கொடுத்துக் கேட்டார். "ஹரி, சரி. இப்ப நல்லம். போ." பார்க்கச் சொல்லியிருந்தது சைலன்ஸரை, பார்த்ததும் சைலன்ஸரை மட்டுந்தான்.

மோகனராஜ் சந்தோசமாகவே திரும்பினான். வேலை பிழைத்தது. வழக்கமாக இருட்டிய பிறகு வருகிறவன் அன்று வெளிச்சத்திலேயே தோட்டத்துக்குள் நுழைந்தான். கீழ்வளைவில் ஏறும்போது ஓடைத் தண்ணீரின் சத்தம் அவன் காதிலேயே விழுந்தது. இன்று சந்திரிகாவுக்குத் தெரியாமல் வாசலில் போய் நின்று, "எங்கடி தேத்தண்ணி?" என்று கேட்க வேண்டும். அதை நினைத்துச் சிரித்தபடியே அடுத்த வளைவைத் திருப்பினான்.

திருப்பத்துக்கு அப்பால் பெண்கள் போய்க்கொண்டிருந்தார்கள். கவ்வாத்து வெட்டிய தேயிலை மலையில் மிலாறுக் குச்சிகளைப் பொறுக்கி, விறகாகக் கட்டித் தலையில் சுமந்து வந்தார்கள். அந்தக் கட்டோடு கழுத்தைத் திருப்ப முடியாது. காதுதான் அவர்களுக்குக் கண். ஓரமெல்லாம் மழையில் சேறாகிக் கிடந்ததால் நடு ரோட்டில் நடந்தார்கள்.

மோகனராஜின் பெருவிரல் ஹோனை அமுக்கியது. மறுபடியும் அமுக்கியது. கத்த வாயைத் திறப்பதற்குள், பிரேக் பிடித்த டயர் ஈரத்தில் வழுக்கிக்கொண்டு போய்க் கடைசியாக நடந்தவளை மோதியது. மிலாறு ரோடெங்கும் சிதறியது.

விழுந்து எழும்பி ஓடிப்போய் முகத்தைத் திருப்பினான். சந்திரிகா.

கண் திறந்துதான் இருந்தது. இவனைப் பார்த்து, "நீங்களா?" என்றாள். அவ்வளவுதான். தோட்டத்துத் திவாகரனின் ஆட்டோவில் மடியில் போட்டுக்கொண்டு கண்டிக்கு ஓடினார்கள். வழியில் வத்தேகமை தாண்டுவதற்குள் அவள் கை குளிர்ந்துவிட்டது. மோகனராஜ் மட்டும் அந்தக் கையை ஆஸ்பத்திரி வாசல்வரை தேய்த்துக்கொண்டே வந்தான்.

லயத்தில் பக்கத்துக் காம்பராவில் இருக்கும் சுகிர்தா அன்று சந்திரிகாவுக்கு முன்னால் நடந்தவள். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அவனைக் கண்டதும் நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதாள்.

"ஒங்க சத்தம் வரலையேண்ணே. ஓரமாப் போவோம்னு நாந்தான் சொன்னேன். 'அவரு வந்தா சத்தம் கேக்குமே, சேத்துல எறங்காத'ன்னா அவ."

அடக்கம் முடிந்த மறுநாள், பொலிஸ் பைக்கைச் சோதித்தது. உள்ளூர்ப் பொலிஸில் தமிழ் தெரிந்த ஒருவர்தான் வந்தார். மோகனராஜ் பக்கத்தில் நின்றான். லயத்தில் சிந்துஜா தாயைத் தேடி அழுத களைப்பில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

பொலிஸ்காரர் பைக்கை ஸ்டார்ட் பண்ணினார். "சைலன்ஸர் ஒரிஜினல். சத்தம் சரி," என்றார். பிரேக்கைப் பார்த்தார். பிறகு ஹோனை அமுக்கினார். நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தார்.

"ஹோன் இல்லாம இவ்வளவு காலம் எப்பிடி ஓட்டின?"

"முந்தி சத்தம் இருந்துச்சு, சார்," என்றான் மோகனராஜ்.