மூன்று ரப்பர் பேண்டுகள்

டிசம்பர் ஆறாம் தேதி, ஞாயிறு காலை ஏழு மணிக்கு, பள்ளி மைதானத்தில் அகதிகளுக்கான நிதி நடை தொடங்கியது. அப்பள்ளியின் இரண்டு வகுப்பறைகளில் இருபத்திரண்டு அகதிகள் தங்கியிருந்தார்கள்.

நான்கு வருடங்களாக நிதி திரட்டும் விழாவை நடத்தியவள் பெரியவள். இந்த வருட நடை, அவள் ஓரகத்தியான சின்னவளின் யோசனை. சின்னவள் சுற்றும் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு கம்பளி தருவதாகத் துணிக்கடைக்காரர் வாக்குக் கொடுத்திருந்தார். சுற்றுக்கு ஒரு ரப்பர் பேண்டைக் கையில் மாட்டிவிட வேண்டும், அதுதான் அத்தாட்சி. மாட்டும் வேலையைப் பெரியவளிடம் விட்டிருந்தார்கள்.

“இவங்கள நாலு வருஷமா எங்க ஒளிச்சு வெச்சிருந்தீங்க?” என்று கடைக்காரர் சிரித்தார். பெரியவளுக்கு வயிறு எரிந்தது.

சின்னவள் கூட்டத்தைப் பார்த்துக் கையசைத்தபடியே மறு கையை நீட்டினாள். “சீக்கிரம் மாட்டுங்கக்கா!”

“மகாராணிக்கு அவசரத்தப் பாரு” என்ற பெரியவள், பேண்டை மாட்டாமல் மணிக்கட்டை வெறுமனே அழுத்தி அனுப்பினாள். சின்னவள் கவனிக்கவில்லை. பெரியவள் இன்னும் இரண்டு முறை அப்படியே செய்தாள்.

கடைசியில் சின்னவள் மூச்சு வாங்க உட்கார்ந்து எண்ணினாள். “பத்தொம்பதுதான் இருக்கு. இருபத்திரண்டு சுத்தினேனேக்கா!”

“ஊர்க்கதை பேசிக்கிட்டே நடந்தா எண்ணிக்கை எப்படிடி நிக்கும்?”

இன்னும் மூன்று சுற்று நடக்கச் சின்னவள் எழுந்திருக்கப் பார்த்தாள், கால் ஒத்துழைக்கவில்லை. கடைக்காரர் பேண்டுகளை வாங்கிக்கொண்டார்.

மாலையில் வகுப்பறைகளுக்குப் பத்தொன்பது கம்பளிகள் வந்தன. மூன்று பேருக்குக் கிடைக்கவில்லை.