ஆவடிக்குப் போன கட்டு

பயம் வந்தால் எனக்கு முதலில் முழங்கால்தான் காட்டிக்கொடுக்கும். சிலருக்கு நெஞ்சு படபடக்கும், சிலருக்கு நாக்கு வறளும். எனக்கோ இரண்டு முழங்கால்களும் கழன்றுகொண்டு ஆளுக்கொரு திசையில் ஓடப் பார்க்கும். ஆவடி பேருந்து நிலையத்தில் இறங்கிப் புத்தகக் கட்டைத் தோளில் ஏற்றியபோது அதுதான் நடந்தது. என் பெயர் வெற்றிச்செல்வன். பெயர் வைத்தவர்கள் மேல் வருத்தம் ஒன்றும் இல்லை. அவர்களுக்கு அப்போது என்னைத் தெரியாது.

கட்டில் இருந்தவை எல்லாம் ஒரே புத்தகத்தின் பிரதிகள். ‘மோட்டார் போட்டது யார்?’ என்ற நகைச்சுவைக் கட்டுரைத் தொகுப்பு. எழுதியவனும் நான், கடை கடையாகத் தூக்கிப்போய் விற்பவனும் நான். அம்பத்தூரில் பதிப்பகம் வைத்திருக்கும் ஜெகதீஷிடம் எனக்கு விற்பனைப் பிரதிநிதி வேலை. என்னை வேலைக்கு வைத்தது போதாதென்று என் புத்தகத்தையும் போட்டுவிட்டார் மனுஷன்.

“கிறிஸ்துமஸுக்குள்ள கடைக்குப் போயிடணும் வெற்றி,” என்று விரட்டிக்கொண்டிருந்தார். “ஜனவரி வந்துட்டா புக் ஃபேர்ல வாங்கிக்கலாம்னு எல்லாரும் உட்கார்ந்துடுவாங்க. இப்ப ஆபீஸ் ஆபீஸா கிறிஸ்மாம், கிறிஸ்சைல்டுன்னு சீட்டு எடுத்துட்டு இருக்காங்க. யார் பேர் வருதோ அவங்களுக்கு ரகசியமா பரிசு குடுக்கணும். பாதிப் பேருக்கு என்ன வாங்குறதுன்னே தெரியாது. சிரிப்பு புக்கைத் தள்ளிவிடு. நல்லா இல்லைன்னாலும் குடுத்தது யாருன்னு தெரியாதுல்ல?”

பூந்தமல்லியிலும் அம்பத்தூரிலும் தள்ளிவிட்டுவிட்டேன். மிச்சம் ஆவடி. ஆவடி என்றால் அமல்ராஜ் அண்ணன்.

மற்றக் கடைகளில் பிரதிநிதி என்றால் வாசலில் நிற்கவைத்தே பேசி அனுப்புவார்கள். அமல்ராஜ் அண்ணன் மட்டும்தான் கல்லாவுக்குப் பின்னால் கூப்பிட்டு ஸ்டூல் போட்டு உட்காரவைப்பவர். நான் எழுதத் தொடங்கிய காலத்தில் என் துணுக்குகளைப் படித்துவிட்டு, “எழுதுப்பா, உனுக்கு வருது” என்று சொன்ன முதல் மனிதரும் அவர்தான். அந்த நன்றியை நான் எப்படிக் காட்டினேன் என்றால், புத்தகத்தில் ஒரு முழுக் கட்டுரையில் அவரைக் கிண்டல் செய்திருந்தேன்.

எழுதும்போது அதெல்லாம் பாசமாகத்தான் தெரிந்தது. அச்சாகி வந்து ஒரு தடவை படித்துப் பார்த்ததும்தான் அது கிண்டலாகத் தெரிந்தது. ஆளை மறைக்க நான் செய்த தந்திரங்கள் இரண்டு: அமல்ராஜை விமல்ராஜ் ஆக்கினேன். மழித்த முகத்துக்கு ஒரு மீசை வைத்தேன்.

அவர் முகம் வாடினால்? இனிமேல் வராதே என்று சொல்லிவிட்டால்? ஆர்டர் போனால் ஜெகதீஷ் திட்டுவார், திட்டு எனக்குச் சாப்பாடு மாதிரி. அந்த ஸ்டூல் போய்விட்டால் எனக்கு இந்த ஊர்ப்பக்கம் வேறு ஸ்டூல் கிடையாது.

எனவே முந்தின நாள் மாலை திருவேற்காட்டில் என் ஃபிளாட்டின் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு காரியம் செய்தேன். ஆவடிக்குப் போகும் கட்டை மட்டும் பிரித்து, ஒவ்வொரு பிரதியிலும் அந்தக் கட்டுரை வரும் தாள்களைப் பசைக்குச்சியால் ஓரம் விடாமல் ஒட்டிவிட்டேன். கோழைத்தனத்தை இவ்வளவு நேர்த்தியாகச் செய்ய முடியும் என்று எனக்கே அன்றுதான் தெரிந்தது.

கடை வாசலில் காகித நட்சத்திரங்கள் தொங்கின. குடில் பொம்மைகளும் கேக் அட்டைப்பெட்டிகளும் புத்தக அடுக்கை மறைத்து நின்றன. முக்காலி மேல் ஏறி இன்னொரு நட்சத்திரத்தைக் கட்டிக்கொண்டிருந்த அமல்ராஜ் அண்ணன் திரும்பினார்.

“வா நைனா! இன்னா, கிறிஸ்மஸ் தாத்தா மாரி மூட்டைய தூக்கிகினு வர்ற?”

அவர் மூக்குக்குக் கீழே, கறுப்பும் வெள்ளையுமாக, அடர்த்தியாக ஒரு மீசை இருந்தது.

“அண்ணே… மீசை…”

“ஆமாப்பா. ஊட்ல வெச்சிக்க சொன்னாங்கோ. எப்டி கீது?”

“ரொம்பப் பொருத்தமா இருக்குண்ணே,” என்றேன். எதற்குப் பொருத்தம் என்று சொல்லவில்லை.

கடைக்குள், அங்கே வேலை பார்க்கும் சபீனா பில் போட்டுக்கொண்டிருந்தாள். எதிரே, வேலப்பன்சாவடிப் பக்கம் ஒரு கல்லூரியில் பாடம் நடத்தும் கலைவாணி மேடம் நின்றிருந்தார். வாராவாரம் வருபவர் என்பதால் எனக்கும் பழக்கம்.

“சார், அந்தத் துப்பறியும் நாவல் வந்துச்சா? மூணு வாரமா கேட்கிறேன்.”

“ஸ்டாக் இல்லம்மா,” என்றார் அண்ணன், முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல். “சொல்லி வெச்சிகீறேன். வந்துரும்.”

என் காதுக்குள் விர்ரென்றது. நான் ஒட்டிவைத்த கட்டுரையின் தலைப்பே ‘ஸ்டாக் இல்லை’தான்.

ஜெகதீஷ் சொல்லிக்கொடுத்ததையெல்லாம் ஒரே மூச்சில் கொட்டினேன். கிறிஸ்மாம், கிறிஸ்சைல்டு, குடும்பத்தோடு சிரிக்கலாம், பெரிய எழுத்து, கண்ணுக்கு இதம். பயத்தில் எனக்குப் பேச்சு நிற்காது. கடைசியில் கிறிஸ்துமஸ் மரத்துக்கு அடியில் வைத்தால் கூட நன்றாக இருக்கும் என்றேன். சபீனா நிமிர்ந்து பார்த்தாள்.

“அண்ணாத்த இன்னிக்கு இன்னா சாப்ட்டு வந்துச்சி?”

அமல்ராஜ் அண்ணன் கட்டின் கயிற்றை அறுத்தார். மேலே இருந்த பிரதியை எடுத்தார். எடுத்து, காதோரம் வைத்துக் கட்டைவிரலால் விசிறினார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கடைக்கு வரும் எந்தப் புத்தகத்தையும் அவர் அப்படித்தான் சோதிப்பார். தாள் மடங்கியிருந்தாலோ விட்டுப்போயிருந்தாலோ சத்தத்திலேயே தெரிந்துவிடும் என்பார். அந்தப் பழக்கத்தைப் பற்றி அரைப் பக்கம் கேலி எழுதிய மேதை நான்தான். பசை தடவும்போது மட்டும் அது ஞாபகத்துக்கு வரவில்லை.

சரசரவென்று ஓடிய தாள்கள் நடுவில் ‘டப்’ என்று நின்றன.

“இன்னாடா இது, மூச்சு நிக்குது?” இன்னொன்றை எடுத்தார். டப். அடுத்தது. டப். “கட்டு பூரா ஒரே எடத்துல ஒட்டிகினு கீது.”

“பைண்டிங்காரன் ஃபுல் போதைல போட்டிருப்பான்,” என்றாள் சபீனா.

“ஆமாமா, அவர் கொஞ்சம் அப்படித்தான்,” என்றேன். வெற்றிலை பாக்குகூடப் போடாத ஒரு மனிதரை அந்த நொடியில் குடிகாரராக்கினேன். “குடுங்கண்ணே, நான் வேற கட்டு எடுத்துட்டு வரேன்.”

“இருப்பா. அப்டி இன்னாதான் ஒட்டிகினு கீதுன்னு பாக்க வேணாமா?”

ஸ்டீல் ஸ்கேலை எடுத்துத் தாள்களுக்கு நடுவே செருகினார். மெல்ல, மீனில் செதில் எடுப்பதுபோல இழுத்தார். நான் கேக் பெட்டிகளைப் பிடித்துக்கொண்டேன். தாள் பிரிந்தது. கண்ணாடியை இறக்கிக்கொண்டு, கடைக்கே கேட்கும்படி படிக்க ஆரம்பித்தார்.

“‘விமல்ராஜ் கடையில் புத்தகம் வாங்குவது, மாமியாரிடம் கொடுத்த நகையைத் திருப்பிக் கேட்பது மாதிரி. தான் படித்து முடிக்காத புத்தகத்தை அவர் யாருக்கும் விற்பதில்லை. கேட்டால், ஸ்டாக் இல்லை. புத்தகமோ அவர் மேசைக்கு அடியில், பஸ் டிக்கெட்டை நாக்குபோல நீட்டிக்கொண்டு படுத்திருக்கும்.’”

சபீனா வெடித்துச் சிரித்தாள். பிறகு இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். கலைவாணி மேடமும் சிரித்தார். சிரிப்பு பாதியில் அப்படியே நின்றது.

“சார். என் நாவல்?”

அவர் படித்துக்கொண்டே போனார். குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. மீசையைத் தடவும் இடம் வந்தது. துப்பறியும் நாவலுக்குப் பில் போடும்போதே கொலைகாரன் பெயரைச் சொல்லிவிடும் இடம் வந்தது. “‘டாக்டர் நெஞ்சில் குழாய் வைப்பதுபோலப் புத்தகத்தைக் காதில் வைத்து விசிறுவார்’” என்று வந்ததும் ஒரு முறை நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். அதில் ஒன்றுமே இல்லை.

முடித்தார். குனிந்தார். மேசைக்கு அடியிலிருந்து நாவலை எடுத்து, பஸ் டிக்கெட்டை உருவி மேல்பாக்கெட்டில் வைத்துக்கொண்டு நீட்டினார்.

“கொலைகாரன் யாருன்னு மட்டும் சொல்லிடாதீங்க,” என்றார் கலைவாணி மேடம்.

“அந்த எடம் இன்னும் வரலம்மா.”

“அப்ப நான் படிச்சிட்டு வந்து உங்களுக்குச் சொல்றேன்.” காசைக் கொடுத்துவிட்டு, மூன்று வாரக் கோபத்தை ஒரே வாக்கியத்தில் தீர்த்த நிம்மதியோடு படி இறங்கினார்.

நான் மட்டும் நின்றேன். சபீனா இல்லாத தூசியைத் துடைக்க ஆரம்பித்தாள்.

“வேற எங்கெல்லாம் போட்ட?” என்றார் அண்ணன்.

“பூந்தமல்லி. அம்பத்தூர்ல ரெண்டு கடை.”

“அங்கயும் ஒட்னியா?”

“இல்லண்ணே.”

“அப்ப ஊரு பூரா படிச்சி சிரிக்கலாம். நான் மட்டும் சிரிக்கக் கூடாது.” பிரிந்த தாளின் ஓரத்தைக் கட்டைவிரலால் நீவினார். “எனுக்கு சிரிக்கத் தெரியாதுன்னு நீயே முடிவு பண்ணிட்ட.”

“அப்படி இல்லண்ணே, நீங்க வருத்தப்படுவீங்கன்னு…”

“எழுதுனதுல வருத்தம் இல்லடா. எல்லாம் நெசந்தான்.” குரல் இறங்கிவிட்டது. “கட்ட வெச்சிட்டு போ.”

“அண்ணே…”

“போன்னேன்ல.”

அன்று முழுவதும் நான் எந்தக் கடைக்கும் போகவில்லை. ‘மன்னிச்சுக்கோங்கண்ணே’ என்று வாட்ஸ்அப் அனுப்பினேன். இரண்டு கோடும் நீலமாயின. பதில் வரவில்லை. நான் பயந்தது நடந்துவிட்டது, அதுவும் நான் பயந்ததாலேயே. நடந்ததற்கப்புறமும் பயம் குறையவில்லை என்பதுதான் எனக்குப் புரியவில்லை. கட்டைத் தெருவில் வீசியிருப்பாரோ, ஜெகதீஷுக்குப் போன் போட்டிருப்பாரோ, எடைக்குப் போட்டிருப்பாரோ என்று வகைவகையாகக் கற்பனை செய்தேன். எழுதும்போது இவ்வளவு கற்பனை வந்ததே இல்லை.

மறுநாள் கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள். கட்டைத் திருப்பி வாங்கிக்கொண்டு காலில் விழுந்துவிடலாம் என்று போனேன்.

கடையில் கூட்டம். கழுத்தில் அடையாள அட்டை தொங்கும் ஐ.டி. பிள்ளைகள், கடைசி நேரத்துக்குப் பரிசு தேடி வந்தவர்கள். நடுவில் அமல்ராஜ் அண்ணன். மீசையை முறுக்கிவிட்டிருந்தார். கையில் என் புத்தகம். நேற்று செத்த குரலில் படித்தவர் இன்று கையை ஆட்டி, கண்ணை உருட்டி, மேசைக்கு அடியில் குனிந்து எழுந்து நடித்துக்காட்டிக்கொண்டிருந்தார்.

“‘ஸ்டாக் இல்லை!’ அது வேற யாருமில்லம்மா, நான்தான். இன்னா நம்பலயா? சபீனாவ கேளு.”

“இன்னும் ரெண்டு புக்கு கீழ கீது,” என்றாள் சபீனா.

ஒரு பெண் பேனாவை நீட்டினாள். அந்தப் பக்கத்திலேயே ‘விமல்ராஜ்’ என்று பெரிதாகக் கையெழுத்துப் போட்டுக்கொடுத்தார். என் புத்தகத்தில் இதுவரை யாரும் என்னிடம் கையெழுத்துக் கேட்டதில்லை.

“ரைட்டர் வருவாரா சார்?”

அண்ணனின் கண் கூட்டத்துக்கு மேலாக வந்து, நட்சத்திரங்களுக்குப் பின்னால் பாதி மறைந்து நின்ற என்மேல் பட்டு, நிற்காமல் போனது.

“அவன் வரமாட்டாம்மா. பயந்தவன்.”

திரும்பிப் போய்விடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் போகவில்லை. எனக்கே ஆச்சரியமாக இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து, என்னைப் பார்க்காமலேயே அவர் சொன்னார்: “வெளிய நின்னுகினு கூட்டத்த மறைக்காத. உள்ள வந்து மிச்சத்த பிரி. கிழிஞ்சா உன் கணக்கு.”

கல்லாவுக்குப் பின்னால் போய்த் தரையிலேயே உட்கார்ந்தேன். ஸ்டூலைக் கேட்கத் தைரியம் இல்லை. ஸ்கேலை எடுத்து முதல் பிரதியின் தாள்களைப் பிரித்தேன். தலைக்கு மேலே அவர் புதிதாக வந்தவர்களுக்கு மறுபடியும் முதலிலிருந்து படித்தார். முடிவுக்கு வந்ததும் நிறுத்தாமல், அதே ராகத்தில் தொடர்ந்தார்:

“‘இவ்வளவும் எழுதியவன், விமல்ராஜ் படித்துவிடுவாரோ என்று பயந்து, ராத்திரியெல்லாம் உட்கார்ந்து பக்கங்களைப் பசை போட்டு ஒட்டினான். விமல்ராஜ் கடையிலேயே வாங்கிய பசை.’”

அந்த வரி புத்தகத்தில் இல்லை. அதற்குத்தான் கூட்டம் அதிகமாகச் சிரித்தது. கொஞ்சம் தாமதமாக, மீசைக்குள்ளிருந்து, அவர் சிரிப்பும் கேட்டது.

நான் தலை நிமிராமல் அடுத்த பிரதியை எடுத்தேன்.