பத்தாவது பெயர்

அந்தப் பட்டியலை டைப் அடித்தது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு சொன்னால் வேறு யார் மேலாவது பழியைப் போடப் பார்ப்பேன். என்னை எனக்குத் தெரியும்.

அறுபத்தேழாம் வருஷக் கடைசி. காசிமேட்டில் ஒரு பழைய வலைக் கொட்டகையில் எங்கள் மாதர் சங்கம் தையல் வகுப்பு நடத்திக்கொண்டிருந்தது. சங்கம் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். வண்ணாரப்பேட்டையிலிருந்து தினமும் நடந்து வந்து தையல் சொல்லிக்கொடுத்த ரஹீமுன்னிசா டீச்சர், செயலாளர் என்று ரப்பர் ஸ்டாம்பு வைத்திருந்த நான், வாடகைக்கு எடுத்த இரண்டு மெஷின். அவ்வளவுதான். நான் துறைமுகத்துக்கு எதிரே ஒரு கிளியரிங் ஏஜெண்டு ஆபீசில் டைப்பிஸ்டு. அந்தப் பக்கத்தில் இங்கிலீஷில் மனு எழுதத் தெரிந்த பெண்பிள்ளை வேறு யாரும் இல்லாததால் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

விதவைகளுக்குத் தொழில் கற்றுக்கொடுக்கும் சங்கங்களுக்கு சர்க்கார் மானியம் தருகிறது என்று ஒரு சுற்றறிக்கை என் கண்ணில் பட்டது. நான்கு மெஷின், டீச்சருக்குச் சம்பளம், படிக்கிற பெண்களுக்கு உதவித்தொகை. ஒரு விதியில்தான் கறாராக இருந்தார்கள். குறைந்தது பத்துப் பேர் வேண்டும், பத்துப் பேரும் விதவைகளாக இருக்க வேண்டும். எங்கள் வகுப்பில் பத்துப் பேர் இருந்தார்கள். ஒன்பது பேர் விஷயத்தில் சந்தேகமே இல்லை. பத்தாவது ரோசி.

ரோசியின் புருஷன் ஸ்டானிஸ்லாஸ் இரண்டு வருஷத்துக்கு முன் மார்கழிப் புயலில் கடலோடு போனவன். ஒரே கட்டுமரத்தில் போன லூர்துவையும் இன்னொருவனையும் எண்ணூர்க்காரர்கள் தூக்கிவந்து கரை சேர்த்தார்கள். இவன் கிடைக்கவில்லை. உடலாகக்கூடக் கிடைக்கவில்லை. ரோசி தாலியைக் கழற்றவில்லை. கோயிலில் அவனுக்கு மரித்தோர் பூசை வைக்கவும் சம்மதிக்கவில்லை. யாராவது பேச்செடுத்தால், "பொணத்த காட்டு, அப்பால வெக்கிறேன்" என்று வாயை அடைத்துவிடுவாள். இருபத்தாறு வயது. பித்தான் துளைக்குக் காஜா எடுப்பதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

பட்டியலில் அவள் பெயருக்கு எதிரே விதவை என்று அடித்தேன். அது பொய் என்றே எனக்குத் தோன்றவில்லை. ஊருக்கே தெரிந்த சங்கதியை இவள் ஒருத்தி ஒத்துக்கொள்ளாவிட்டால் என்ன என்றுதான் நினைத்தேன். வாங்கி வைத்த டீ ஆறுவதற்குள் அடித்து முடித்து, கவரையும் ஒட்டிவிட்டேன்.

பிப்ரவரியில் பதில் வந்தது. மானியம் தரலாம், ஆனால் ஒவ்வொருத்தியும் விதவைதான் என்பதற்குச் சான்று வேண்டும், கோயில் பதிவேட்டின் நகல் ஆனாலும் சரி. ஒரு பெயர் பொய் என்று தெரிந்தாலும் மனு முழுவதும் தள்ளுபடி. மார்ச்சில் அதிகாரி நேரில் வருவார்.

டீச்சரிடம் காகிதத்தைப் படித்துக் காட்டினேன்.

"மெஷின்காரரு இந்த மாசத்தோட தூக்கினு பூடுவேன்னு சொல்லிட்டாரு. இப்ப இன்னா பண்ணப் போற ஞானம்?" என்றாள்.

"ரோசி பேர எடுத்துட்டா ஒம்போதுதான் கீது டீச்சர். அப்பவும் தள்ளிடுவாங்க."

"தெரிஞ்சே பொய் எழுதினியா?"

"பொய் இல்ல. அவசரம்."

"ரெண்டுத்துக்கும் இன்னாம்மா வித்தியாசம்?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பதில் தெரியாதபோதெல்லாம் எனக்குக் கோபம்தான் வரும்.

பங்குச் சாமியாரிடம் போனேன். உடல் கிடைக்காதவனைத் தானாக மரணப் பதிவேட்டில் ஏற்ற முடியாது, பெண்சாதியே வந்து கேட்டுப் பூசை வைத்தால் அதன் பிறகு எழுதி நகல் தரலாம் என்றார். "அந்தப் பெண்ணை வற்புறுத்தாதே, ஞானம்" என்றும் சொன்னார். சரி சாமி என்று தலையாட்டிவிட்டு, நேராக அவளை வற்புறுத்தப் போனேன்.

எல்லோரும் போன பிறகு ரோசி மட்டும் கொட்டகையில் உட்கார்ந்து ஒரு சட்டைக்கு காஜா எடுத்துக்கொண்டிருந்தாள். நான் விஷயத்தைச் சொன்னேன். அவள் ஊசியை நிறுத்தவில்லை.

"முடியாதுக்கா. வேற இன்னா வோணா கேளு."

"ஒரே ஒரு பூசைடி. பவுனம்மாள நெனச்சுப் பாரு, மூணு புள்ளைங்கள வெச்சுகினு அல்லாடுது. ஒன் ஒருத்தியால ஒம்போது பேரு பொழப்பு போவணுமா?"

"நான் பூசை வெச்சா அவரு செத்துப்பூடுவாருக்கா."

"வெக்காங்காட்டி மட்டும் உசுரோட எழுந்து வந்துடுவாரா?"

அப்படியேதான் கேட்டேன். ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை. ரோசி நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். சட்டையை மடித்து வைத்தாள். எழுந்து போனாள். மறுநாள் விடிந்தும் விடியாமல் என் வீட்டு வாசலில் நின்று, "சாமியாண்ட சொல்லிடுக்கா" என்றாள். முகத்தைப் பார்த்தால் இரவெல்லாம் தூங்கவில்லை என்று தெரிந்தது. நான் அதைக் கேட்கவில்லை. மனசு மாறிவிடப் போகிறதே என்ற பயம் எனக்கு.

கோயில் நடுவில் காலிப் பாடையின் மேல் கறுப்புத் துணியைப் போர்த்தி, சுற்றிலும் மெழுகுவத்தி ஏற்றிப் பூசை நடந்தது. தாலியை ரோசி யாரையும் தொடவிடாமல் தானே கழற்றினாள். அழவில்லை. அழுததெல்லாம் லூர்துதான், தலையில் அடித்துக்கொண்டு. பாவம், கூட்டாளி மேல் அவ்வளவு பாசம் என்று நினைத்துக்கொண்டேன். இரண்டாவது வரிசையில் முக்காடு போட்டு உட்கார்ந்திருந்த என் மனசில் ஓடியது செபம் அல்ல; சாமியார் இன்றைக்கே நகல் எழுதித் தருவாரா, நாளை ஆகுமா என்ற கணக்கு. நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

அதிகாரி நல்ல மாதிரியான அம்மாள். கலர் குடித்தார், தைத்த துணிகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், ரோசியின் காஜாவைத் தடவிப் பார்த்து மெச்சினார். வெறும் கழுத்தைக் கண்டதும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"வீட்டுக்காரர் போய் எவ்வளவு நாளாச்சும்மா?"

"பதினோரு நாளுங்க" என்றாள் ரோசி.

அம்மாள் என்னைப் பார்த்தார். கையிலிருந்த சான்றில் அறுபத்தைந்து டிசம்பர் என்று இருந்தது.

"துக்கத்துல கொழம்பிப் பேசுது மேடம், ரெண்டு வருஷம் ஆச்சு" என்று நான் முந்திக்கொண்டேன். அம்மாள் ரோசியையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, பட்டியலில் பத்தாவது பெயருக்கு நேரே டிக் போட்டார்.

ஏப்ரலில் மானியம் வந்தது. நான்கு புது மெஷின் கை வண்டியில் வந்து இறங்கிய அன்று தெருவே கூடிவிட்டது. நான் எல்லோருக்கும் லட்டு கொடுத்தேன். உதவித்தொகை மட்டும் உடனே வரவில்லை. ஆறு மாத அறிக்கை போய்ச் சேர்ந்த பிறகுதான் தருவார்களாம். மற்றவர்கள் வாசல் பெருக்கியும் இட்லி விற்றும் ஓட்டினார்கள். ரோசி மெலிந்துகொண்டே போனாள். "மதியானத்துல பச்சத் தண்ணிய குடிச்சுட்டு சாப்ட்டேன்னு சொல்லுது ஒன் ரோசி. இன்னான்னு கேளு" என்றாள் டீச்சர். முன்பெல்லாம் மீன் குழம்பு வாசனையோடு வருகிறவளுக்கு என்ன வந்தது என்று எனக்குப் புரியவில்லை. கேட்கிறேன் என்றேன். அறிக்கை வேலையில் மறந்துபோனேன்.

அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அறிக்கையில் கையெழுத்து வாங்க ரோசி வீட்டுக்குக் கிளம்பினேன். போகிற வழியில் மீன் வாங்கலாமே என்று கரையில் இறங்கினேன். லூர்துவின் கட்டுமரம் வந்திருந்தது. பிடித்த மீனை மணலில் கூறு கூறாகக் கொட்டி, ஒவ்வொரு கூறுக்கும் ஆள் பெயரை உரக்கக் கூவிப் பங்கு போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"இத்தோட ஸ்டானிஸ்லாசு பங்குன்னு ஒண்ணு போடுவாங்க. ரெண்டு வருசமா வுடாம போட்டாங்க" என்றாள் பக்கத்தில் கூடையோடு நின்ற கன்னியம்மா.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவள்தான் விளக்கினாள். கடலில் போனவன் கிடைக்கும்வரை, அல்லது அவனுக்குப் பூசை வைக்கும்வரை, அவன் இருக்கிற கணக்குத்தான். அவன் கூறை அவன் பெண்சாதி எடுத்துப்போய் விற்பாள். பூசை வைத்துவிட்டால் முடிந்தது. செத்தவனுக்குப் பங்கு கிடையாது. நான் ரயில்வே வீட்டில் பிறந்தவள். அரைக் கல் தொலைவில் இருக்கும் இந்த வழக்கம் எனக்குத் தெரியாது.

லூர்துவிடம் ஓடினேன்.

"ரோசிக்கு இது தெரியுமா அண்ணே?"

"தெரியாதா பின்ன? இந்த மணல்ல பொறந்த பொண்ணு அது." அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "பூசைக்கு முந்தின ராவு வந்து எங்காண்ட சொல்லிட்டுத்தான் போச்சு. வேணாம்மான்னேன். ஒம்போது பேரு பொழைக்கட்டும் அண்ணேன்னுச்சு. கரை வழக்கத்த நான் ஒர்த்தன் மாத்த முடியாதும்மா."

மீன் வாங்கவில்லை. ரோசியின் குடிசைக்குப் போய், வாசலிலேயே நின்று கத்தினேன்.

"ஏண்டி எங்கிட்ட சொல்லல? சொல்லித் தொலைச்சிருந்தா வேற எதுனா பண்ணியிருப்பேனே!"

"இன்னா பண்ணியிருப்ப? காயிதம் போயாச்சுன்னு நீதான சொன்ன?" கோபமே இல்லாமல் கேட்டாள். "உள்ள வாக்கா. மீனு போனா போவுது, அதுக்கா அழுவுறேன்? தெனம் காலைல கூறு போடும்போது அவரு பேர கத்துவாங்க. நான் அதக் கேக்கத்தான் போவேன். இப்ப யாரும் அவரு பேர சொல்றதில்ல. நான் எதுக்க வந்தாக்கூட மூஞ்ச திருப்பிகினு பூடுறாங்க."

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழ எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? பையிலிருந்து அறிக்கையை எடுத்து, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைக் காட்டினேன். அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு காகிதத்தை வாங்கினாள்.

"இங்கிலீசா? இதுல அவரு பேரு கீதா?"

"கீது."

"எங்க? படிச்சுக் காட்டு."

அவன் பெயருக்கு முன்னால், காலஞ்சென்ற என்பதற்கான வார்த்தையை நானே அடித்திருந்தேன். அதை விட்டுவிட்டுப் பெயரை மட்டும் படித்தேன்.

"ஸ்டானிஸ்லாஸ்."

ரோசி கண்ணை மூடிக்கொண்டாள்.

"இன்னொரு தபா படிக்கா" என்றாள். "கொஞ்சம் கத்தி."