சூளைக்கு வைத்த உப்பு

எங்கள் தொழிற்சாலைக்குள் உப்பு வரக்கூடாது. வியர்வைகூட வரக்கூடாது என்பது எங்கள் பிரிவுத் தலைவர் முகோஹரா சாரின் கொள்கை. போன கோடையில் என் சட்டைப்பையில் உப்பில் ஊறின பிளம் பழம் ஒன்று இருந்ததைக் கண்டுபிடித்து, எல்லாரையும் கூட்டி வைத்துப் பாடம் எடுத்தார். "அசனுமா, பீங்கானுக்குள்ள துளி உப்பு போனா போதும், சூடு ஏறினதும் மின்சாரம் அது வழியா கசிய ஆரம்பிச்சுடும். கார் நடுரோட்ல நிக்கும். எல்லாம் உன் ஊறுகாயால!" நியாயந்தான். மனுஷர் விஷயம் தெரிந்தவர். அதுதான் எனக்கு ஆறவே இல்லை.

ஜப்பானின் ஃபுக்குயியில் நாங்கள் செய்வது கார்களுக்கான மின்தேக்கி. பீங்கான் பொடியை ஏடு ஏடாக அடுக்கிச் சுட்ட, அரிசிக் குருணை அளவு சாமான். எஞ்சின் பக்கத்தில், தகிக்கிற சூட்டிலும் குணம் மாறாமல், மின்சாரத்தைக் கசியவிடாமல் நிற்கிற ஒரு பொடியை நான் நாலு வருஷம் மல்லுக்கட்டி உருவாக்கியிருந்தேன். புதுச் சூளையில் முதல் சுடுதல் அதற்குத்தான். தேறினால் உற்பத்தி. தேறாவிட்டால் என் குழுவைக் கலைத்து, என்னை ஒசாகாவுக்கு விற்பனை வேலைக்கு அனுப்பிவிடுவார்கள். எனக்கு ஒரு துடைப்பக்கட்டையைக்கூட விற்கத் தெரியாது.

சூளை திறப்புக்கு முகோஹரா சார் கோயிலிலிருந்து பூசாரியை வரவழைத்தார். புதுசாக எது வந்தாலும் தீட்டுக் கழிப்பது எங்கள் வழக்கம். அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. மீன், அரிசி, சாக்கே என்கிற அரிசி மது எல்லாம் படைத்தார்கள். அப்புறம் தீட்டுக் கழிய, சூளையின் வாயிலேயே கூம்பு கூம்பாக உப்பு.

"சார், உப்பு..." என்றேன்.

"இது சாமி உப்பு. சமையல் உப்பு இல்ல."

பூசாரி நல்ல மனுஷர். "வேணாம்னா வெளி வாசல்ல வெச்சுடலாமே" என்றார். சார் கேட்கவில்லை. பக்தி முற்றிப்போய், தானே ஒரு கைப்பிடி அள்ளிச் சூளைக்குள் வீசினார். ஆலைத் தலைவர் உட்பட எல்லாரும் எங்கள் முறைப்படி கைதட்டிக் கும்பிட்டோம்.

சுட்டு எடுத்துச் சோதித்தால் ஓட்டைக் குடம் தோற்றது, அப்படிக் கசிவு! கூட்டத்தில் ஆலைத் தலைவர் காரணம் கேட்டதும் அத்தனை பேரும் மேற்கூரையை ஆராய ஆரம்பித்தார்கள்.

"உப்புதான் சார் காரணம்" என்றேன்.

"உப்பேதான்" என்று முகோஹரா சாரும் ஒத்துக்கொண்டார். நான் அசந்துபோனேன். "பத்தல. இவ்வளவு பெரிய சூளைக்கு நாலே நாலு கூம்பு வெச்சா சாமி எப்படிங்க காப்பாத்தும்?"

உள்செங்கலை மாற்றி இன்னொரு தரம் சுடுவது, அதுதான் கடைசி என்று முடிவாயிற்று. மறுபடி பூஜை. உப்பு இரட்டிப்பு.

"நீதானே உப்பு உப்புன்னு புலம்புற? அதைக் கொண்டுவந்து வைக்கிற பொறுப்பு உனக்கே" என்றார் சார், பட்டம் கொடுக்கிற தோரணையில்.

"ரொம்ப நன்றிங்க சார்" என்று இடுப்பு ஒடியக் குனிந்தேன். நிஜமாகவே நன்றிதான்.

பூஜையன்று சூளை வாயில் எட்டுக் கூம்பு, வெள்ளை வெளேரென்று. பூசாரி ஒரு சிட்டிகை எடுத்து விரலில் தேய்த்தார். "உப்பு ரொம்ப நைசா இருக்கேம்மா. கனமாவும் இருக்கு."

"நாலு வருஷம் பக்குவம் பண்ணினதுங்க சாமி."

அவர் என்னைப் பார்த்தார், சூளையைப் பார்த்தார். மந்திரத்தைத் தொடங்கிவிட்டார்.

முகோஹரா சார் முன்னால் வந்தார். நாலு வருஷமாய் என் பொடியை ஏறெடுத்தும் பார்க்காத மனுஷர், இப்போது அதன் எதிரில் இரண்டு தரம் குனிந்து, இரண்டு தரம் கைதட்டி, கண்ணை மூடிக் கும்பிட்டு, மறுபடி ஆழமாகக் குனிந்தார். உள்ளேயும் ஒரு கைப்பிடி வீசினார். வீசட்டுமே! என் பொடி என் பொடியோடுதானே சேரப்போகிறது.

இந்தத் தடவை ஒரு பொட்டுக் கசிவு இல்லை. குழு பிழைத்தது. சந்தோஷத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"பாத்தியா? உப்பு பத்தாமதான் போயிருக்கு" என்றார் சார். "அந்த உப்பு இனிமேலும் கிடைக்குமா?"

"மூட்டை மூட்டையா கிடைக்கும் சார்" என்றேன்.