உர்ஷ்லாவின் ஓட்டப் பாதை

பாலத்தடியில் துணி போர்த்தி நின்ற பலகையைப் பார்த்ததுமே உர்ஷ்லா நடையை நிறுத்தினாள். அவள் புருஷன் துமாஷ் கோட்டெல்லாம் மாட்டிக்கொண்டு நின்றான். கிராமத் தலைவர் பைடர், அடுமனைக்கார நேசா, ஊர் வாத்தியக் குழுவில் வரமுடிந்த மூன்று பேர் என்று ஒரு சின்னக் கூட்டம். துமாஷ் துணியை இழுத்தான். ஓடும் ஆள் படம் போட்ட மஞ்சள் பலகை. அதன் கீழே தனியாகத் திருகி வைத்த ஒரு தகட்டில், "உர்ஷ்லா பாதை".

எல்லோரும் கைதட்டினார்கள். எல்லோரும் அவள் முகத்தையே பார்த்ததால் அவள் சிரித்தாள்.

"எப்படி? மூச்சு விடலை பாரு நான், இத்தனை மாசமா!" என்றான் துமாஷ். பேருந்தில் ஏறும் பிள்ளைகளிடம் மிட்டாயை மறைத்து வைத்துக் காட்டுவானே, அதே முகம்.

துமாஷ் வாழ்நாளெல்லாம் பள்ளத்தாக்கில் தபாலையும் ஆட்களையும் ஏற்றிப்போகும் மஞ்சள் தபால் பேருந்தை ஓட்டியவன். ஓய்வு பெற்றதும் கிராமத்தின் சுற்றுலாக் குழுவில் சேர்த்துக்கொண்டார்கள். கோடையில் வரும் விருந்தாளிகளுக்கு ஓட்டப் பாதைகள் வேண்டும், பக்கத்துப் பள்ளத்தாக்கில் போட்டுவிட்டார்கள், நாம் மட்டும் சும்மா இருப்பதா என்று குழுவில் பேச்சு வந்தபோது அவனுக்கு மனைவியின் ஞாபகம்தான் வந்தது.

உர்ஷ்லா முதியோர் இல்லத்தில் வேலை பார்த்தாள். அங்கே காலையிலிருந்து சாயங்காலம்வரை அவள் பெயரைக் கூப்பிட ஆள் உண்டு. உர்ஷ்லா, போர்வை. உர்ஷ்லா, ஜன்னலைச் சாத்து. உர்ஷ்லா, என் மகன் வந்தானா? வேலைக்குப் போகும் முன் அவள் ஒரு மணி நேரம் ஓடுவாள். இளவயதில் தொடங்கிய பழக்கம். போட்டிக்குப் போனதில்லை, கைக்கடிகாரம்கூடக் கட்டமாட்டாள். பனி கொட்டினால் தடிப்பான சப்பாத்து, மழை பெய்தால் தொப்பி, அவ்வளவுதான். "எங்கதான் ஓடற நீ?" என்று துமாஷ் எப்போதாவது கேட்பான். "சும்மா, காட்டுப் பக்கம்" என்பாள்.

மறுநாள் காலையில் அவள் பலகைகளைப் பார்த்துக்கொண்டே ஓடினாள். பாலம் தாண்டி, புல்வெளிகளின் ஓரமாக ஏறி, மரமறுக்கும் ஆலைவரை எல்லாம் அவள் பாதைதான். திருப்பத்துக்குத் திருப்பம் அவள் பெயர். தன் உள்ளாடையை யாரோ கொடியில் காயப்போட்டு ஊருக்கே காட்டுவதுபோல இருந்தது.

ஆலையைத் தாண்டியதும் நின்றாள். பலகையின் அம்பு, ஆற்றை நோக்கிக் கீழே இறங்கும் வண்டித் தடத்தைக் காட்டியது. அந்தத் தடம் நேராக ஆற்றோரமுள்ள சிற்றாலயத்துக்குப் போகும். அவள் இத்தனை வருடமாக அந்த இடத்தில் மேலேதான் ஏறுவாள். ஊசியிலை லார்ச் மரங்களுக்கு நடுவே, பழைய பனிச்சரிவு மரங்களைத் துடைத்துப்போட்ட ஒரு வெட்டவெளிக்கு. அங்கிருந்து ஒரு வீடும் தெரியாது, ஆறு இரைவது மட்டும் கேட்கும். அங்கே போய்க் கொஞ்ச நேரம் நிற்பாள். பிறகு மறுபக்கமாக இறங்கிச் சிற்றாலயத்தில் சேர்ந்துகொள்வாள்.

அது துமாஷுக்குத் தெரியவில்லை. நெஞ்சு லேசாகி, மேலே ஏறினாள்.

ஆனால் ஜூலை வந்தது, விருந்தாளிகளும் வந்தார்கள். பச்சை, ஆரஞ்சு என்று கண்ணைப் பறிக்கும் உடுப்பில், காலை ஆறரைக்கே பாதையில் ஆள். எதிரே வந்தவர்களெல்லாம் உள்ளூர் முறைப்படி வணக்கம் சொல்வதாக "அலெக்ரா! அலெக்ரா!" என்று கத்தினார்கள். ஒருநாள் ஒரு அம்மாள் மூச்சிரைக்க அவளை நிறுத்தினாள்.

"அடுமனையில சொன்னாங்க. நீங்கதானே அந்த உர்ஷ்லா? ஐயோ, நான் நீங்க இறந்துபோயிட்டீங்கன்னு நினைச்சேன்! ஒரே ஒரு படம், பலகை பக்கத்துல நில்லுங்க."

நின்றாள். அன்று ஆலை தாண்டிய இடத்தில் பின்னால் இரண்டு பேர் வந்துகொண்டிருந்தார்கள். மேலே திரும்பினால் அவர்களும் திரும்புவார்கள். அம்பு காட்டிய வழியில் இறங்கிப் போனாள். அடுத்த நாளும் அப்படியே ஆனது. அதற்கடுத்த வாரம் அவள் பாலத்தைத் தாண்டவே இல்லை. வெயில் படாத எதிர்ச் சரிவில், ஈரமும் வேருமாகக் கிடந்த காட்டில் ஓடப் பழகினாள். வீட்டில் எதுவும் சொல்லவில்லை. "பாதை எப்படி இருக்கு?" என்று துமாஷ் கேட்டால், "நல்லாருக்கு" என்பாள். சொன்ன பிறகு காபி கசக்கும்.

ஆகஸ்டில் ஒரு காலை, ரொட்டி வாங்கப் போன துமாஷிடம் நேசா கேட்டாள். "ஏன் துமாஷ், ஊரெல்லாம் உன் பொண்டாட்டி பேரு. ஆளைத்தான் காணோம். ஜன்னல்ல பார்த்துக்கிட்டேதான் மாவு பிசையறேன், ஒரு மாசமா இந்தப் பக்கம் வரவே இல்லையே. முழங்கால் போயிடுச்சா?"

"தினம் ஓடறாளே?"

"எங்க ஓடறாளோ!" என்று கண்ணைச் சிமிட்டினாள் நேசா. விளையாட்டாகச் சொன்னதுதான். ஆனால் துமாஷ் மீதிச் சில்லறையை வாங்க மறந்து வெளியே வந்தான்.

வீட்டில் உர்ஷ்லா குளியலறையில் உட்கார்ந்து முழங்கைச் சிராய்ப்பைக் கழுவிக்கொண்டிருந்தாள். ஈர வேரில் வழுக்கியிருந்தாள். சப்பாத்தில் நிழல் சரிவின் கரிய சேறு.

"இந்தச் சேறு நம்ம பாதையில கிடையாதே" என்றான் அவன்.

அவள் தண்ணீரை நிறுத்தினாள். பொய் சொல்ல இனி தெம்பில்லை. பலகைகள், விருந்தாளிகள், எதிர்ச் சரிவு எல்லாவற்றையும் சொன்னாள். குரல் உயர்த்தாமல், ஆனால் நிறுத்தாமல்.

அவன் கதவு நிலையில் சாய்ந்து கேட்டான். "முன்னாடியே சொல்லியிருக்கலாமே."

"மூணு பேர் வாத்தியம் வாசிக்கறப்பவா?"

"உனக்குப் பரிசுன்னு நினைச்சேன், உர்ஷ்லா."

"தெரியும். அதான் சொல்ல முடியலை. முன்னாடி என்னைக் கேட்டிருந்தா வேண்டாம்னிருப்பேன்."

"கேட்டா நீ எப்பவாவது சொல்லியிருக்கியா? காட்டுப் பக்கம், காட்டுப் பக்கம்!" அவனுக்கும் குரல் ஏறியது. "நான் பேருந்து ஓட்டினவரைக்கும் நீ கிளம்பறதை நான் பார்த்ததே இல்லை, இருட்டுலயே போயிடுவேன். இப்ப வீட்டுல இருக்கேன். நீ கதவைச் சாத்திக்கிட்டுப் போனதும் இந்த வீடு எப்படி இருக்கும்னு தெரியுமா? எங்க போறா, என்னத்தைப் பார்க்கறா? ஆலைக்காரன்கிட்ட கேட்டேன், நேசாகிட்ட கேட்டேன், மாடு மேய்க்கறவன், ஆலயத்துல மணி அடிக்கறவன், எல்லார்கிட்டயும். அவங்க பார்த்த இடத்தையெல்லாம் ஒட்டவச்சுத்தான் அந்தப் பாதையைப் போட்டேன். என் பெண்டாட்டி போற வழியை ஊர்ல விசாரிச்சுத் தெரிஞ்சுக்கிட்டேன், போதுமா?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். இது அவளுக்குத் தெரியாத சேதி.

"ஒரு இடம்தான் சரியா வரலை" என்றான், கொஞ்சம் தணிந்து. "அவங்க உன்னைப் பார்த்த நேரத்தைக் கணக்குப் போட்டேன். ஆலையில இருந்து ஆலயத்துக்கு அவ்வளவு நேரம் ஆகாது. உட்கார்ந்துட்டு வரியோ?"

உர்ஷ்லா துண்டை எடுத்து முழங்கையைத் துடைத்தாள். வேண்டுமென்றே நிதானமாகத் துடைத்தாள். "அங்க ஒரு இடம் இருக்கு. அது என்னோடது, துமாஷ்."

"எனக்குக்கூட..."

"உனக்குக்கூட."

அவன் கொட்டகைக்குப் போய்விட்டான். சாயங்காலம் பார்லி சூப்பை அவன் தலை நிமிராமல் குடித்தான். அவன் கோபம் தீரவில்லை என்று அவள் நினைத்தாள். தனக்கும் தீரவில்லை என்பதையும் கவனித்தாள்.

ஞாயிறு காலையில் அவன் திருப்புளியோடு வாசலில் நின்றான். "பலகை இருக்கட்டும், அது கிராமத்து சொத்து. பேரை மட்டும் கழட்டிடறேன். வரியா, தகட்டைப் பிடிச்சுக்க?"

இருவரும் நடந்தே போனார்கள். முதல் தகட்டைக் கழற்றும்போதே பைடர் நாயோடு வந்து சேர்ந்தார். துமாஷும் அவரும் ஒரே பள்ளிக்கூடத்து பெஞ்சு.

"டேய், என்னடா பண்ற? தேர்தல்ல தோத்தவன் சுவரொட்டியைக் கிழிக்கற மாதிரி!"

"பேரு வேண்டாமாம்."

"விருந்தாளிங்களுக்குப் பேரு பிடிச்சிருக்குடா. வெறும் நம்பர் போட்டா எவன் ஓடுவான்?"

"அப்ப உன் பேரைப் போட்டுக்க."

பைடர் பலகையை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். அந்த யோசனை அவருக்கு அவ்வளவு மோசமாகப் படவில்லை என்று தெரிந்தது. அவர் தலை மறைந்ததும் உர்ஷ்லாவுக்குச் சிரிப்பு வெடித்தது. துமாஷும் சிரித்துவிட்டான்.

ஆலை தாண்டிய பலகையில் ஒரு திருகு இறுகிப்போயிருந்தது. அவன் அதோடு மல்லாடிக்கொண்டிருக்கையில், அவள் வேறெங்கோ பார்ப்பதுபோல ஆற்றைப் பார்த்தாள். இரண்டடி தள்ளிப் புல் மெலிந்து, மண் தெரிய, ஒற்றை ஆள் தடம் லார்ச் மரங்களுக்குள் ஏறிப் போயிற்று. தேடாதவன் கண்ணுக்குத் தெரியாது. திருகு வந்துவிட்டது. அவன் நிமிர்ந்து வியர்வையைத் துடைத்தபோது பார்வை அந்தத் தடத்தில் விழுந்தது. மேலே மரங்கள்வரை போனது. அங்கேயே நின்றது.

அவள் ஆற்றை விட்டு அவன் முகத்தைப் பார்த்தாள்.

அவன் தகட்டை அவள் கையில் கொடுத்தான். "இறக்கம் வழுக்கும், பார்த்து வா" என்று சொல்லிவிட்டு, அம்பு காட்டிய வழியிலேயே இறங்கத் தொடங்கினான். ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

சிற்றாலயத்தின் வெயில் பட்ட சுவரோரம் உட்கார்ந்து பேரிக்காய் ரொட்டியைப் பிய்த்துத் தின்றார்கள். ஆலயத்திலிருந்து பாலம்வரை பாதை சமதரை, ஆற்றோடே போகும்.

"இந்தத் துண்டு எனக்கு முடியும்னு நினைக்கிறேன்" என்றான் துமாஷ், பாதையைப் பார்த்தபடி. "ஓடத்தான். இங்க வந்து காத்திருப்பேன். மேல என்னவோ நீ பாட்டுக்கு முடிச்சிட்டு வா."

உர்ஷ்லாவுக்குத் தினமும் என்றால் வேண்டாம் என்று தோன்றியது. வேண்டவே வேண்டாம் என்றும் தோன்றவில்லை.

"வாரத்துல ஒரு நாள். பேசக்கூடாது."

"மூச்சு இருந்தாத்தானே பேச!"

எழுந்து, கனத்த மலைச் சப்பாத்தோடு அப்போதே ஓடிப்பார்த்தான். காற்சட்டைப் பையில் திருகுகள் குலுங்கின. நாலு எட்டில் தோள் ஏறிவிட்டது, கை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. "கையைத் தளர்த்து!" என்று பின்னாலிருந்து கத்தினாள். தகடுகளை அக்குளில் இடுக்கிக்கொண்டு, அவசரப்படாமல் அவன் பின்னே நடந்தாள்.