கால் இல்லாத மயில்

கமலவேணி அக்கா அன்றைக்கும் தன் வீட்டில், நான் கொண்டுபோன எடைமேடையில் எண்ணுக்கு முதுகைக் காட்டித்தான் ஏறினார். எங்கள் ஆஸ்பத்திரிப் பிரிவில் அதுதான் வழக்கம். எண்ணை நான் மட்டும் பார்ப்பேன். ஏறியவர் பார்த்தால் அன்றைய சாப்பாடு அதோடு நின்றுவிடும். குனிந்து பார்த்தேன். எடை கூடியிருந்தது. போன வாரமும் கூடியிருந்தது, அதற்கு முந்தின வாரமும். நியாயமாக நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் சற்று முன்பு நாடி பார்க்கக் கையைப் பிடித்தபோது விரல்கள் மார்கழி மாதத்துக் குழாய்த் தண்ணீர் மாதிரி சில்லிட்டிருந்தன. நாடி மெதுவாக, யோசித்து யோசித்து அடித்தது. உட்கார்ந்திருந்தவரை எழுந்து நிற்கச் சொன்னதும் ரத்த அழுத்தம் விழுந்தது. தராசு ஒன்று சொல்கிறது, உடம்பு வேறொன்று சொல்கிறது. எது பொய் என்று தெரியாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. என் சுபாவம் அப்படி.

சாப்பிட முடியாதவர்களைப் பார்க்கவென்றே ஒரு நர்ஸ் உண்டு என்றால் எங்கள் ஊர் ஓரிக்கையில் இன்னும் சிரிக்கிறார்கள். "சோறு ஊட்டறதுக்கு ஒரு படிப்பா சங்கீதா?" என்று கேட்காத சொந்தக்காரர் கிடையாது. ஊட்டுவதில்லை என்று சொல்லிச் சொல்லி என் வாய் வலித்ததுதான் மிச்சம். நான் கூடவே உட்கார்ந்து சாப்பிடுகிறேன். அவர் ஒரு வாய் எடுத்தால் நானும் ஒரு வாய். கை நின்றால் காத்திருப்பேன். ஊர்க்கதையெல்லாம் பேசுவேன், சாப்பாட்டைப் பற்றி மட்டும் பேசமாட்டேன். சாப்பிட்டு முடித்ததும் ஒரு பயம் வரும் பாருங்கள், அது வடிகிறவரை பக்கத்தை விட்டு நகரமாட்டேன். சென்னை மருத்துவமனையிலிருந்து காஞ்சிபுரம் பக்கத்து வீடுகளுக்கெல்லாம் நான்தான் போகிறேன்.

கமலவேணி அக்காவுக்கு வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. பிள்ளையார்பாளையத்தில் அவர்கள் தெருவில் அவருக்கு 'வெரதக்காரம்மா' என்று பெயர். கிருத்திகை, சஷ்டி, பிரதோஷம், அப்புறம் செவ்வாய், அப்புறம் வெள்ளி என்று கூடிக்கொண்டே போய், விரதம் இல்லாத நாள் எது என்று வீட்டிலேயே யாருக்கும் தெரியாமல் போயிற்று. தெருவே கையெடுத்துக் கும்பிட்டிருக்கிறது. கோயில் வாசலில் மயங்கி விழுந்தபோது, அருள் வந்துவிட்டது என்று கற்பூரம் காட்டினார்களாம். அடப்பாவிகளா! அதைக் கேட்ட அன்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

எடை இறங்கினால் ஆஸ்பத்திரியில் சேர்த்தாக வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அடுத்த வாரம் மகள் மஹாலட்சுமிக்கு ஏழாம் மாத வளைகாப்பு. "என் பொண்ணுக்கு என் கையால வளையல் போடணும் சிஸ்டர். என்ன ஆஸ்பத்திரில போட்டுடாதீங்க" என்று அக்கா முதல் நாளே என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். எடை ஏற ஏற அவரைவிட எனக்குத்தான் பூரிப்பு.

இட்லியைத் தட்டில் வைத்துவிட்டு நாங்கள் உட்காரப்போகும்போது கூடத்தில் தறிச் சத்தம் நின்றது. அவர் கணவர் திருஞானசம்பந்தம் யாரையோ திட்டிக்கொண்டிருந்தார். மூக்கை நுழைக்காமல் இருக்க என்னால் முடியுமா? எழுந்து போய்ப் பார்த்தேன்.

"இன்னாண்ணா ஆச்சு?"

"பாரும்மா இந்த அநியாயத்த. மயிலுக்குக் கால் இல்ல!"

அரக்கு நிறப் புடவையின் கரையில் ஜரிகை மயில்கள் வரிசையாக வந்துகொண்டிருந்தன. முதல் மயில்கள் ஜம்மென்று நின்றன. கடைசியாக நெய்ததற்குக் கால் இருக்கவேண்டிய இடத்தில் ஏதோ கிறுக்கல். எப்படி இப்படி ஆகும் என்று கேட்டேன். அவர் தறிக்குழிக்குள் உட்கார்ந்தபடியே காட்டினார். தறிக்கு மேலே இருக்கும் பெட்டி கயிறுகளை இழுத்து, டிசைனுக்கு வேண்டிய இழைகளை மேலே தூக்கும். ஒவ்வொரு கயிற்றின் அடியிலும் மெல்லிசாக ஒரு இரும்புக் கம்பி தொங்கும். அந்தக் கனம்தான் இழையைத் திரும்பக் கீழே இறக்கும்.

"சில வாரமாவே சும்மா தொங்கற கயித்துல கம்பி போச்சு, இன்னிக்கு மயில் கயித்துலயும் காணோம். கனம் இல்லாங்காட்டி மேல போன இழ அங்கியே நின்னுக்கினு இருக்குது. எலி இரும்ப கூடவா தூக்கினு போவும்?"

எனக்குச் சுரீரென்றது. எடை பார்க்கும்போது மெல்லிய நைட்டிதான் போடவேண்டும் என்பது விதி. கூடத்தில் கணவர் இருக்கிறார், கூச்சமாக இருக்கிறது என்று அக்கா சொன்னதால் சில வாரங்களாகப் புடவையோடு விட்டிருந்தேன்.

உள்ளே போனேன். அக்கா இட்லியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, மயிலுக்குக் கால் போச்சாம்."

அவர் முகம் வெளுத்தது. பிறகு திரும்பி நின்று, இடுப்பிலிருந்து ஒரு துணிச்சுருளை அவிழ்த்துத் தரையில் வைத்தார். கம்பிகள் கலகலத்தன. நைட்டியை மாற்றிக்கொண்டு, நான் சொல்லாமலே தராசில் ஏறினார், முதுகைக் காட்டியபடி. எண்ணைப் பார்த்தேன். நான் வரத் தொடங்கிய நாளைவிடக் கீழே இருந்தது.

திட்டலாம். திட்டி என்ன ஆகப்போகிறது? எனக்கு வேறொன்று தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. ஒரு கால்வாசி இட்லிக்கு நடுங்குகிறவர் இவ்வளவு கனத்தை எப்படிச் சுமந்தார்?

"அது இடுப்புல இருந்தப்ப பயமா இல்லியாக்கா?"

"இல்ல சிஸ்டர்." யோசித்து யோசித்துச் சொன்னார். "கனமாத்தான் இருந்துது. ஆனா அது என்னுது இல்லல்ல? வேணும்னா கழட்டிடலாம். இட்லிய கழட்ட முடியுமா?"

எத்தனையோ பாடம் படித்திருக்கிறேன். இதை யாரும் எனக்கு இப்படிச் சொன்னதில்லை.

"டாக்டர்கிட்ட சொல்லித்தான் ஆகணும்கா. மறைக்க மாட்டேன்."

"அப்போ வளைகாப்பு?"

"தெரியலக்கா. ஆனா நெஞ்சு நின்னுபோச்சுன்னா அத தள்ளிப்போட முடியாது."

அவர் எதிரிலேயே போன் செய்தேன். மறுநாள் காலையில் அழைத்து வரச் சொன்னார் டாக்டர். திரும்பினால் வாசற்படியில் சம்பந்தம் அண்ணன். கீழே கிடந்த கம்பிகளையும் மனைவியையும் மாறி மாறிப் பார்த்தார். கத்தப்போகிறார் என்று நான் முன்னால் போனேன்.

"கேட்டிருந்தா மூலைல கெடக்குற பழைய கம்பிய குடுத்திருப்பேனே கமலா!"

"நல்லா கெட்டுது போங்க" என்றேன். அக்காவுக்கே சிரிப்பு வந்து, அது பாதியில் அழுகையாக மாறியது. அண்ணன் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, தரையைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னார். "வளையல ஒம்பதாம் மாசத்துல போட்டுக்கலாம்மா. நீ இல்லாம யாரு போடுவா?"

அக்கா துணிச்சுருளை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனார். தறிக்கு அடியில் குனிந்து, ஒவ்வொரு கம்பியாகக் கயிற்றில் மாட்டினார். இடையிடையே மூச்சு வாங்கியது. நான் இட்லித் தட்டையும் கூடத்துக்கே கொண்டுவந்து, என் பங்கைப் பிட்டு வாயில் போட்டேன். மஹாவுக்கு என்ன நிற வளையல் பிடிக்கும் என்று கேட்டேன்.

"பச்ச" என்றார்.

எல்லாம் மாட்டியாயிற்று என்று நினைத்து அண்ணன் குழியில் இறங்கி மிதிகட்டையை மிதித்தார். இழைகள் மேலே போயின. விட்டதும் சரசரவென்று இறங்கின. ஒன்று மட்டும் இறங்கவில்லை. அக்காவின் இடது கை மூடியே இருந்தது. கம்பியின் முனை விரலிடுக்கில் தெரிந்தது. வலது கை தட்டின் விளிம்பு வரை வந்து நின்றது. அண்ணன் ஊடை நூல் ஓட்டும் நாடாவை எறியாமல், கையிலேயே வைத்துக்கொண்டு காத்திருந்தார்.